பார்க்காத மூன்று எபிசோடுகள்

ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தவள் ஹம்சா. சூப்பர் ஹீரோ தொடர்களைப் பற்றி, காமிக்ஸிலிருந்து எடுத்த படங்களைப் பற்றி, இன்னும் எடுத்தே முடிக்காத படங்களைப் பற்றி. 'ஆறு கட்டம்' என்பது யூடியூபில் அவளுடைய சேனலின் பெயர். முப்பத்தோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். பெரிய கூட்டமில்லை. ஆனால் ஹம்சா மேடம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பார்க்கிற, சுமார் என்று சொன்னால் விட்டுவிடுகிற கூட்டம் அது.

பகலில் அவளுக்கு வேறு வேலை. ஈக்காட்டுத்தாங்கலில் லிஃப்டுகளுக்கு கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில், சோதனை முடிந்த ஒவ்வொரு பெட்டிக்கும் தரச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவாள். பதினேழு வருட அனுபவம். லாரி வாசலில் நிற்கிறது, சீக்கிரம் போடுங்கள் என்று மேனேஜர் கத்தினாலும், "கீழ போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் சார்" என்று படியிறங்கிப் போவாள். நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் நாலு வருடம் இருந்து முடிந்துபோயிற்று. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, மற்றவர்களும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடி வீட்டில், அப்பா சுந்தரராமனோடு இருந்தாள்.

சேனலில் அவளோடு பேசுகிறவன் ஏசுராஜ். நொச்சிக்குப்பத்துக்காரன், அவளைவிட இரண்டு வயது பெரியவன். ஃபைபர் போட்டில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். அவன் மனைவி ஆஷா மீன் அங்காடியில் கடை வைத்திருந்தாள். காலையில் கரைக்கு வந்ததும், வலையைப் பிரித்துப்போட்டுக்கொண்டு, போனை மீன்கூடையில் சாய்த்து வைத்து அவன் தொடர்களைப் பார்ப்பான். இருவரும் அறிமுகமானதே ஒரு சண்டையில்தான். யாரோ ஒருவருடைய வீடியோவின் கீழே, பறக்கும் வீரன் ஒருவன் கப்பலைத் தூக்குகிற காட்சி பிரமாதம் என்று ஹம்சா முந்நூறு வார்த்தையில் எழுதியிருந்தாள். அதற்கு ஒருவன் பதில் போட்டிருந்தான்: "நடுவுல புடிச்சி தூக்கினா கப்பல் ரெண்டா பூடும் மேடம். கப்பல் இன்னா தட்டா?" இரண்டு மாதம் அங்கேயே எழுதி எழுதிச் சண்டை போட்டார்கள். பிறகு ஒருநாள் லஸ் முனையில் நேரில் சந்தித்தார்கள். பழைய புத்தகக் கடையில் தலா நாலு காமிக்ஸ் வாங்கிக்கொண்டு, எதிரிலிருந்த ஜூஸ் கடையில் நின்றபடியே மறுபடி அதே கப்பலைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த மாதம் சேனல் ஆரம்பமானது.

ஆரம்பத்தில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. வருடத்துக்கு நாலைந்து தொடர், மூன்று படம். பார்ப்பதற்கு நேரமிருந்தது, யோசிப்பதற்கும் நேரமிருந்தது. பிறகு எல்லாம் பெருகியது. ஒரு தொடரைப் புரிந்துகொள்ள இன்னொரு தொடரைப் பார்த்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு படத்தை. ஒவ்வொன்றிலும் வானத்தில் ஓட்டை விழுந்தது. ஒவ்வொன்றிலும் கடைசிக்கு முந்தைய எபிசோடில் உலகம் அழியப் பார்த்தது. யார் செத்தாலும் அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள். இது போதாதென்று வராத படங்கள் வேறு. போஸ்டர் வந்தால் போஸ்டரைப் பற்றி, டீசர் வந்தால் டீசரைப் பற்றி, கதாநாயகனின் உடுப்பு நீலத்திலிருந்து கருநீலமாகிவிட்டது என்றால் அதைப் பற்றி, அன்றைக்கே ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் "மேடம் எங்கே?" என்று கேட்பார்கள்.

அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டது போன ஆடியில். ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடப்பார். வாரநாட்களில் பகலுக்கு கெங்கம்மா என்ற அம்மாள் வந்து பார்த்துக்கொண்டாள். சனி, ஞாயிறு அவளுக்கு விடுமுறை. ஹம்சாவுக்கு ராத்திரித் தூக்கம் இரண்டாக மூன்றாக உடைந்துபோய் அரை வருடத்துக்கு மேலாகியிருந்தது. அப்பாவின் கட்டில் கூடத்திலேயே, டி.வி.க்கு எதிரில் கிடந்ததால், அவள் பார்ப்பதையெல்லாம் சுந்தரராமனும் பார்க்கவேண்டியதாயிற்று. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதெல்லாம் பிடித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. நடுநடுவே ஏதாவது கேட்பார். "ஏன்டி, இவா எல்லாரும் ஊரக் காப்பாத்தப் போய்ட்டா, அந்த ஆஸ்பத்திரிய யார் பாத்துக்கறா?" என்பார். ஹம்சா பதில் சொல்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.

அவர் விழுந்த பிறகு வீடியோ எடுப்பதையும் வீட்டுக்கே மாற்றிக்கொண்டார்கள். முதல் ஞாயிறு ஏசுராஜ் படியேறி வந்து வாசலிலேயே நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றவும் இல்லை.

"ஏன் அங்கேயே நிக்கறேள்? உள்ள வாங்கோ" என்றார் சுந்தரராமன் கட்டிலிலிருந்து. "வாசல்ல நின்னு பேசினா மாடி வீட்டுக்காராளும் சேந்து விமரிசனம் பண்ணுவா."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி என்பது நிரந்தரமாயிற்று. உள்ளறையில் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு அரைமணி பேசுவார்கள். எட்டு மணிக்கு வீடியோ போய்விடும்.

'கிரே ஷிஃப்ட்' என்ற தொடரின் மூன்றாம் சீசன் வந்தது பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை. எட்டு எபிசோடும் மொத்தமாக. ஒரு பொது மருத்துவமனையில் வேலை பார்க்கிற சாதாரண ஊழியர்களுக்கு ஆளுக்கொரு சக்தி இருக்கிறது என்பது கதை. அதில் வேரா என்று ஒரு நர்ஸ். அடுத்தவர்களின் வலியைத் தொட்டு எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்வாள். ஏசுராஜுக்கு அவள்மேல் தனிப் பாசம். "சண்டையே போடாத ஹீரோ அவ ஒருத்திதான் மேடம்" என்பான். நாலு வாரத்தில் இதன் தொடர்ச்சியாக ஒரு படமும் வரவிருந்தது. அந்தப் படத்தின் விளம்பரத்தைக் கவனித்துக்கொண்ட கம்பெனியிலிருந்து, ரிலீஸுக்கு முந்தைய நாள் பத்திரிகையாளர் காட்சிக்கு வாருங்கள் என்று 'ஆறு கட்டம்' முகவரிக்கு மெயில் வந்திருந்தது. ஒன்பது வருடத்தில் அப்படியொரு அழைப்பு வந்தது அதுதான் முதல்முறை. ஏசுராஜ் அந்த மெயிலை ஆஷாவிடம் காட்டி, அவள் தம்பியிடம் காட்டி, போட்டில் கூட வருகிறவர்களிடமும் காட்டியிருந்தான்.

அந்த ஞாயிறு அவனால் வர முடியவில்லை. மகள் அனுவுக்குக் கோயிலில் புதுநன்மை. வெள்ளை கவுன் போட்டு முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள், வீடு நிறைய உறவுக்காரர்கள்.

"நீயே பேசிடு மேடம். நா இன்னும் ஒண்ணுகூட பாக்கல. செவ்வாக்கெயமதான் குந்தமுடியும்" என்று போனில் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை ஹம்சா நாலு எபிசோடு பார்த்தாள். நடுவில் அப்பாவுக்குச் சாதம் பிசைந்து கொடுத்தாள், பெட்ஷீட் மாற்றினாள், மோட்டார் போட்டாள், ஃபிசியோதெரபி பையனுக்குக் கதவு திறந்தாள். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு ஆனதும் ஐந்தாவதைப் போட்டாள். அது முடிந்தது நினைவிருக்கிறது. ஆறாவது ஆரம்பித்து மருத்துவமனையின் நீளமான நடைபாதை திரையில் வந்ததும் நினைவிருக்கிறது. அதற்குப்பின் கண்ணைத் திறந்தபோது மணி ஐந்தரை. எட்டாவது எபிசோடின் முடிவில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சோபாவின் கைப்பிடியில் அழுந்தி கன்னத்தில் கோடு விழுந்திருந்தது.

இன்னும் அரைமணி இருந்தது. மூன்று எபிசோடு பார்க்க இரண்டரை மணியாவது வேண்டும். நாளைக்குப் போடலாம் என்றால், நாளை கம்பெனியில் ஆடிட். முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தாள். இதில் தெரியாதது என்ன இருக்கிறது? ஏழாவதில் பெரிய சண்டை. எட்டாவதில் ஜெயிப்பார்கள். வேராவுக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம்காட்டுவார்கள், ஆனால் ஆகாது. ஏனென்றால் வரப்போகும் படத்தின் நடிகர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஹம்சாவே போன மாதம் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசியிருந்தாள்.

ஆறு மணிக்கு உள்ளறையில் போய் உட்கார்ந்து தனியாகப் பேசினாள். நன்றாகவே பேசினாள். முதல் ஐந்து எபிசோடைப் பற்றி விவரமாகச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "இந்த சீசன்லயும் வேரா தப்பிச்சுட்டா. எனக்கு அதுதான் அலுப்பா இருக்கு. இவங்களுக்கு யாரையும் இழக்கற தைரியம் கிடையாது. சாவுன்னா என்னன்னு தெரியாத கதைல வலியப் பத்தி என்ன பேச முடியும்?" அந்த இடத்தில் அவள் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. எட்டு மணிக்கு வீடியோ போய்விட்டது.

மறுநாள் காலை அசோக் நகரில் மெட்ரோ ஏறி போனைப் பார்த்தாள். கீழே நாற்பது கமென்ட். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது வஜீஹா என்ற பெண்ணுடையது. நாலைந்து வருடமாக ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரியாவது எழுதுகிறவள். நர்ஸ் என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

"ஹம்சா மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வேரா ஆறாவது எபிசோட்லயே இறந்துடறாங்க. நான் டியூட்டி முடிச்சு பஸ்ல பாத்து அழுதுட்டேன், பக்கத்து சீட் அம்மா தண்ணி குடுத்தாங்க. நீங்க அதப் பாக்கலையோன்னு தோணுது. பாத்துட்டு சொல்லுங்க மேடம், நீங்க என்ன சொல்வீங்கன்னு கேக்கணும்."

ஈக்காட்டுத்தாங்கல் அடுத்த ஸ்டேஷன்தான். கதவு திறப்பதற்குள் ஹம்சா அந்தக் கமென்டை மறைத்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. விரல் தானாகப் போயிற்று. இறங்கி படிக்கட்டில் கூட்டத்தோடு நடந்தாள்.

ஒன்றை மறைத்தால் மற்றவர்கள் எழுதாமல் இருப்பார்களா? மத்தியானத்துக்குள் இருநூறு வந்துவிட்டது. "மேடம் வேற ஷோ பாத்திருக்காங்க போல." "பாக்காமலே ரிவியூ, சூப்பர் பவர்." "பேசாம சமையல் வீடியோ போடுங்க." அவள் தழுதழுத்த பன்னிரண்டு விநாடியை வெட்டி, வேரா சாகும் காட்சியோடு ஒட்டி யாரோ சுற்றுக்கு விட்டிருந்தார்கள். ஆடிட்டுக்கு வந்தவர் முன்னால் ஃபைலைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாம் நீங்க பாத்து சைன் பண்ணினதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அது உண்மைதான். ஆனாலும் ஃபைலைத் தன் பக்கம் இழுத்து இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். விளக்குகூடப் போடவில்லை. சுந்தரராமன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல ஏதாவது பிரச்னையா?" என்றார்.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், கமென்டை மறைத்தது உட்பட.

"அந்த நர்ஸ்தானே? ஆமாம், அவ ஆறாவதுலயே போய்ட்டாளே" என்றார் அவர்.

ஹம்சா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பாத்துண்டுதானே இருந்தேன்! நீ தூங்கிப்போய்ட்டே. நடுவுல அது நின்னுபோய், இன்னும் பாத்துண்டிருக்கியான்னு ஏதோ கேட்டுது. ரிமோட் என் கைலதான் இருந்தது. ஆமாம்னு அமுக்கினேன்."

"என்ன எழுப்பியிருக்கலாமேப்பா?"

"ஒரு வாரமா நீ அப்படித் தூங்கி நான் பாக்கலை. எழுப்ப மனசு வரலை."

"சரி, உள்ள உக்காந்து நான் பேசினது உனக்குக் கேட்டிருக்குமே. தப்பிச்சுட்டான்னு சொன்னேனே."

"கேட்டுது. என்னடா இப்படிச் சொல்றாளேன்னு நெனச்சேன். ஒருவேளை அது வேற ஏதாவது அர்த்தத்துல சொல்றதோ என்னமோ, ஒன்பது வருஷமா பண்றவளுக்குத் தெரியாதா, நாம என்னத்த கண்டோம்னு விட்டுட்டேன்." பிறகு, "நன்னா எடுத்திருந்தான் அந்த எடத்த" என்றார்.

ஹம்சாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிக்கும்போது அழுகையாக மாறிவிட்டது. சுந்தரராமன் என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏசுராஜ் போன் செய்தான். பின்னால் அலைச் சத்தமும் யாரோ பேரம் பேசுவதும் கேட்டது.

"மேடம், ஒண்ணு கேக்குறேன். மெய்யாலுமே சொல்லு. ஆறாவது பாத்தியா?"

"இல்ல ஏசு."

"ஏழு, எட்டு?"

"இல்ல. தூங்கிட்டேன்."

அவன், "நாளிக்கு வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் வந்தான். வழக்கமாகச் சுந்தரராமனிடம் "சார், கால் எப்டி கீது?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். அன்றைக்குக் கேட்கவில்லை.

"இன்னா மேடம் இது? நா நேத்துலர்ந்து வேராவ நென்ச்சிக்கினு கீறேன். வலைய வுட்டுட்டு குந்திகினு அழுதேன், ஆஷா வந்து இன்னாயா ஆச்சுன்றா. நீ இன்னாடான்னா தப்பிச்சிட்டான்ற. சாவுன்னா இன்னான்னு தெர்யாதுன்ற. யாருக்குத் தெர்யாது?"

"தப்புதான்."

"பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிட்டுப் போ. ஒரு வாரம் போடலன்னா கடல் வத்திடுமா?"

"வத்தாது."

"அப்பால?"

ஹம்சா அவனைப் பார்த்தாள். "எனக்கு ரொம்ப அலுத்துப்போச்சு ஏசு. ரெண்டு வருஷமாவே அலுத்துப்போச்சு. எத பாத்தாலும் முன்னாடியே பாத்தாப்பல இருக்கு. அதனால பாக்காமலே தெரியும்னு நெனச்சுட்டேன். அவ்வளவுதான். வேற சமாதானம் என்கிட்ட இல்ல."

கோபத்தோடு வந்தவன் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றான். சுந்தரராமன்தான் பேசினார்.

"ஆறாவத மட்டும் இப்ப போடு. எல்லாருமா பாப்போம்."

போட்டாள். மருத்துவமனையில் பதினோரு நோயாளிகள், ஒரு தீவிபத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். டாக்டர்கள் ஓடுகிறார்கள். மற்ற வீரர்கள் வெளியே எங்கோ வில்லனைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். வேரா ஒவ்வொரு கட்டிலாகப் போய் ஒவ்வொருவர் கையையும் பிடிக்கிறாள். கடைசிக் கட்டிலில் இருந்த பிள்ளை அழுகையை நிறுத்துகிறது. அவள் நடைபாதைக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருகிறாள். அவ்வளவுதான். வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பின்னணியில் இசையும் இல்லை. ஆட்கள் அவளைக் கடந்து போய் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவள் களைத்துப்போய்த் தூங்குகிறாள் என்று நினைத்து ஒருவர் அவள்மேல் ஒரு போர்வையைப் போட்டுவிட்டுப் போகிறார். அவள் இறந்துவிட்டாள் என்று யாரும் தெரிந்துகொள்வதற்கு முன்பே எபிசோடு முடிந்துவிடுகிறது.

ஏசுராஜ் இரண்டாவது முறையாக அழுதான். ஹம்சா அழவில்லை. அது மிக நன்றாக இருந்தது. எத்தனையோ வருடமாக, எத்தனையோ நூறு மணி நேரமாக, இப்படி ஒன்று வராதா என்றுதான் அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது வந்தபோது சோபாவில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். ஊர் சிரித்தது அவளுக்கு இந்த அளவு வலிக்கவில்லை.

"நாளைக்கு சொல்லிடறேன்" என்றாள். "வீடியோல. என்ன நடந்துதோ அப்படியே."

ஏசுராஜ் மூக்கைத் துடைத்துக்கொண்டான். தயங்கி, "சொல்லத்தான் வேணும்" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "படத்துக்கு அப்பால சொல்லிக்கலாமா? மூணு வாரந்தான்" என்றான்.

அழைப்பை அவன் எத்தனை பேரிடம் காட்டியிருந்தான் என்று ஹம்சாவுக்குத் தெரியும். பார்க்காமல் விமரிசித்தேன் என்று சொன்ன சேனலை எந்தக் கம்பெனியும் பத்திரிகையாளர் காட்சிக்குக் கூப்பிடாது என்பதும் இருவருக்கும் தெரியும்.

"மூணு வாரம் அந்த நாற்காலி கண்ணுக்குள்ள இருந்துண்டே இருக்கும் ஏசு. என்னால முடியாது. வேணும்னா நீங்க தனியா போங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு நான் எழுதிக் கேக்கறேன்."

"தாவல, வுடு" என்றான் அவன். முகம் சுருங்கித்தான் இருந்தது. "நா கேட்டிருக்கக் கூடாது. வுடு."

வியாழக்கிழமை வீடியோ நாலு நிமிடம்தான். ஹம்சா நேராகக் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் பார்க்கவில்லை. தூங்கிவிட்டேன். பார்க்காமலே பேசினேன். முதலில் சுட்டிக்காட்டியவருடைய கமென்டை மறைத்தேன், இப்போது திரும்பப் போட்டிருக்கிறேன். ஏசுராஜுக்கு இதில் சம்பந்தமில்லை. பழைய வீடியோவை அழிக்கவில்லை, தவறு என்று மேலே எழுதி அங்கேயே விட்டிருக்கிறேன். இனி வாராவாரம் வரமாட்டேன். பார்த்து முடித்தால், சொல்ல ஏதாவது இருந்தால், வருவேன். வராத படங்களைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பெரிய கைதட்டல் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாளில் ஆயிரத்து நானூறு பேர் விலகினார்கள். நாடகம் போடுகிறாள் என்று சிலர் எழுதினார்கள். நல்லது என்று சிலர் எழுதினார்கள். பெரும்பாலானோர் ஒன்றும் எழுதவில்லை. வஜீஹா மட்டும் அன்று ராத்திரியே எழுதியிருந்தாள்: "பரவால்ல மேடம். டபுள் டியூட்டி பாத்தா எங்களுக்கும் இப்படித்தான் ஆகும். மொதல்ல தூங்குங்க." ஹம்சா அதற்கு என்னென்னவோ அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் "தேங்க்ஸ் வஜீஹா" என்று மட்டும் போட்டாள்.

விளம்பரக் கம்பெனியிலிருந்து அடுத்த திங்கட்கிழமை மெயில் வந்தது. இடங்கள் நிரம்பிவிட்டதால் வருந்துகிறோம் என்று. ஏசுராஜ் அதைப் படித்துவிட்டு "சர்தான்" என்றான். போட்டில் கூட வருகிறவர்களிடம் என்ன சொன்னான் என்று ஹம்சா கேட்கவில்லை.

படம் வந்த இரண்டாவது ஞாயிறு கெங்கம்மாவை அரைநாள் வரச்சொல்லிவிட்டு ஹம்சா பகல் காட்சிக்குப் போனாள். ஏசுராஜும் ஆஷாவும் வந்திருந்தார்கள். டிக்கெட் எடுத்து, மூன்றாவது வரிசையில் கழுத்தை அண்ணாந்து பார்த்தார்கள். வேரா இரண்டு நிமிடம் வந்தாள், யாரோ ஒருவருடைய நினைவில். மிச்ச நேரமெல்லாம் கட்டடங்கள் சரிந்தன. ஆஷா இடைவேளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். ஹம்சா முழுக்கப் பார்த்தாள், பெயர்கள் ஓடி முடிந்து விளக்குப் போடும்வரை.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் பஸ் ஸ்டாப்பில் மூவரும் நின்றார்கள். முன்பெல்லாம் தியேட்டர் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஆளுக்கு ஆள் குறுக்கே பேசிக்கொண்டு, மறந்துபோகாமலிருக்க போனில் பதிவு செய்துகொண்டு.

"எப்டி இருந்துச்சி மேடம்?" என்றான் ஏசுராஜ்.

"தெரியலை. ரெண்டு நாள் போகட்டும். உங்களுக்கு?"

"எனக்கும் தெர்ல."

ஆஷா கைப்பையால் விசிறிக்கொண்டு, "தெர்லன்னா வுட்டுட்டு வேற எதுனா பேசுங்களேன்" என்றாள். அனுவுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் மாறியிருக்கிறார், புதியவர் ரொம்பக் கண்டிப்பு என்று ஆரம்பித்தாள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த டீச்சர் என்று ஹம்சா கேட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மயிலாப்பூர் பக்கம் போகும் பஸ் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் முண்டியடித்து ஏறினார்கள். ஹம்சா தன்னுடைய பஸ்ஸுக்காக நிழலில் ஒதுங்கி நின்றாள்.